செவலை நின்ற இடம்

எங்கள் செவலைப் பசுவை யாராவது வேலி தாண்டி என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அது வேலி தாண்டியது உண்மைதான். ஒருமுறை வேலியில் பாதியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. ஆனால் வேலிதான் மாட்டின் வழியில் வந்து நின்றதே தவிர, மாடு வேலியைத் தேடிக்கொண்டு போகவில்லை. இந்த வித்தியாசத்தை எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாடு வளர்த்தவர்களுக்குப் புரிகிறது. நிலம் வாங்கியவர்களுக்குப் புரிவதில்லை.

கொல்லிமலையில் எடப்புளி நாட்டில் எங்கள் ஊர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. ஊர் என்றால் ஏழெட்டு வீடுகள். ஊருக்கு மேலே ஒரு புல் சரிவு, சரிவின் தலைமாட்டில் ஒரு ஊற்று. மாசி பிறந்தால் கீழே ஓடும் ஓடை இளைத்துப்போய், குடத்தை மொண்டு நிரப்ப அரை நாள் ஆகும். மேல் ஊற்று மட்டும் வற்றாது. மாடுகள் காலையில் அந்தச் சரிவில் ஏறும், மேயும், உச்சியில் ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கும், பொழுது சாய இறங்கும். மேய்க்க ஆளே வேண்டாம். மேய்க்கப் போனதாகப் பேர் பண்ணிக்கொண்டு விளையாட மட்டும் நாங்கள் போவோம்.

அப்போது எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கலாம். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. மலைக்கு ரோடு கிடையாது. துணி, மண்ணெண்ணெய், உப்பு எல்லாம் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தலைச்சுமையாகவே ஏறி வரவேண்டும். அந்த வழியாகத்தான் அவரும் ஏறி வந்தார். கீழ்நாட்டுக்காரர். சரிவு முழுவதும் தமக்குப் பட்டா ஆகிவிட்டது என்றும், காப்பி வைக்கப்போவதாகவும் சொன்னார். ஊற்று? அதுவும் பட்டாவுக்குள்தான் இருக்கிறது என்றார். அவர் பேரை எங்கள் ஊரில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தோட்டத்துக்காரர் என்றுதான் சொல்வோம்.

அவர் புத்திசாலி. வேலி போடக் கீழேயிருந்து ஆள் கொண்டு வரவில்லை. எங்கள் ஊர் ஆண்களையே கூலிக்குக் கூப்பிட்டார். மூங்கில் முளை அடித்து, குறுக்கே வரிச்சு கட்டி, முள் அடைத்தார்கள். என் அப்பனும் அதில் ஒருவர். வேலி முடிந்ததும் அவரையே காவலுக்கும் வைத்துக்கொண்டார். தன் வீட்டு மாட்டுக்கு எதிராகத் தானே வேலி கட்டி, அதற்குத் தானே காவலும் இருக்கிற மனுசன் இந்த மலையில் என் தம்பி ஒருத்தன்தான் என்று அத்தை அடிக்கடி சொல்லிக் காட்டுவாள்.

அத்தை அப்பனுக்கு மூத்தவள். புருஷன் செத்த பிறகு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வரும்போது அவள் கொண்டு வந்தது ஒரு செவலைக் கன்று மட்டுமே. அதுதான் வளர்ந்து செவலைப் பசுவானது. அத்தைக்கும் செவலைக்கும் குணம் ஒன்று என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு பேரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை.

வேலி போட்டுக்கொண்டு வந்தபோது, ஓரிடத்தில் முளை நடத் தோண்டிய குழியில் அத்தை போய் உட்கார்ந்துகொண்டாள். இடுப்பு வரை குழிக்குள், மேலே அவள் தலையும் தோளும். தோட்டத்துக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஏனுங்க, இந்தக் குழி என்னோட அளவுக்குத் தோண்டுனதுதானுங்க? மண்ணைத் தள்ளச் சொல்லுங்க” என்றாள் அத்தை.

ஆள்களைப் பார்த்துத் தூக்குங்கள் என்றார் அவர். ஒருவரும் அசையவில்லை. என் அப்பன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு ரொம்ப அக்கறையாக வானத்தைப் பார்த்தார். வெயில் ஏறியது. கடைசியில் அந்தக் குழியை விட்டுவிட்டு, கொஞ்சம் உள்ளே தள்ளி வேறு குழி தோண்டி முளையை நட்டார்கள். அந்த இடத்தில் மட்டும் வேலி ஒரு வளைவு வளைந்து போனது. எனக்கு அன்றைக்கு அத்தையைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. நானும் பெரியவளானால் குழியில் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலி எழுந்தது. செவலை உள்ளே போனது. ஓடைப் பக்கம் வேலி மெலிந்திருந்த ஓரிடத்தை அது கண்டுபிடித்து வைத்திருந்தது. அப்பன் அதை அடைப்பார், மறுநாள் அது பிரிந்திருக்கும். கழுத்தில் தொண்டுக்கட்டை கட்டிப் பார்த்தோம். நடந்தால் முழங்காலில் இடிக்கிற மாதிரித் தொங்கவிடும் மரக்கட்டை அது. மற்ற மாடுகள் அதற்கு அடங்கிவிடும். செவலை கழுத்தை ஒரு வீசு வீசி, கட்டையாலேயே வரிச்சை உடைக்கப் பழகிக்கொண்டது. ஆயுதத்தை நாங்களே கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் தோட்டத்துக்காரர் செவலையை உள்ளேயே மடக்கித் தம் கொட்டகையில் கட்டிப்போட்டார். மாட்டைக் கீழே, அத்துமீறிய மாடுகளை அடைத்து அபராதம் வாங்கும் பவுண்டுக்கு ஓட்டப்போவதாகச் சொல்லி அனுப்பினார். பவுண்டில் அடைத்த மாட்டை மீட்க எங்களிடம் எதுவும் கிடையாது. மீட்காத மாட்டை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுக்கக் கசாப்புக்காரன்தான் வருவான் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கொட்டகைக்கும் வீட்டுக்கும் அழுதுகொண்டே ஓடினேன்.

ஊர்க்கவுண்டர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்கு நல்லது கெட்டது பேசித் தீர்ப்பவர் அவர். நெட்டையான ஆள், வாயைத் திறக்க யோசிப்பவர். உப்பைக்கூட எண்ணிப் போட்டுக்கொள்வார் என்று அவர் முதுகுக்குப் பின்னால் கேலி பேசுவார்கள்.

“ஏனுங்க, இந்த நாட்டுல வேலித் தகராறு வந்துச்சுன்னா மனுசரு பேசறதில்லீங்க. மாட்டைக் கேட்டுப்போட்டு முடிவு பண்றதுதானுங்க வழக்கம்” என்றார்.

அந்த வழக்கம் இதுதான். மாட்டை முதல் நாள் உச்சிப்பொழுதிலிருந்து தண்ணீர் காட்டாமல் பொது ஆள் வீட்டில் கட்டிவைப்பார்கள். மறுநாள் உச்சிப்பொழுதில் ஊர் எல்லைக் கல்லிலிருந்து அவிழ்த்துவிடுவார்கள். யாரும் கூப்பிடக்கூடாது, சீழ்க்கை அடிக்கக்கூடாது, முன்னால் போகவும் கூடாது. மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனால் குற்றம் மாட்டின் மேல். வேலிக்காரர் மாட்டை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மாடு வேலியைப் பிரிக்காமல் ஓரிடத்தில் நின்று கத்தினால் அது பழைய வழி. மறித்தவர்மேல் குற்றம். மாடு நின்ற இடத்தில் அவர் கடவு வைத்துக் கொடுக்க வேண்டும். கடவு என்றால் வேலியில் விடும் திறப்பு. இரண்டு பக்கமும் துளை போட்ட மரம் நட்டு, குறுக்கே மூங்கிலைச் செருகியிருப்பார்கள், உருவிக்கொண்டு போய்வரலாம்.

தோட்டத்துக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காணாத மாடு, அதுவும் இந்த மாடு, ஊற்று வேலிக்கு உள்ளே. இதைவிடச் சுலபமாக ஒரு வழக்கில் ஜெயிக்க முடியுமா? ஒப்புக்கொண்டார். மறுத்தால் ஊரில் கூலிக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்பதையும் அவர் யோசித்திருக்க வேண்டும். காப்பி நாற்று கொண்டுவரக் கீழே இறங்க வேண்டியிருந்ததால், திரும்பி வந்ததும் அமாவாசை கழித்து மாட்டைக் கேட்கலாம், அதுவரை செவலை எங்கள் வீட்டில் இருக்கலாம் என்று முடிவானது. வேலியை அப்பன் பொறுப்பில் விட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

அதற்கு மறுநாளிலிருந்து அத்தை வேறு ஆளாகிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செவலையைக் காலையில் கீழ்ப்பக்கம் மேயவிட்டு, தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பாள். பொழுது உச்சிக்கு வந்ததும் கயிற்றைப் பிடித்துச் சரிவுக்கு ஏற்றுவாள். ஓடைப் பக்கம் மெலிந்த இடத்தைக் கடக்கும்போது செவலை இழுக்கும். அத்தை விடமாட்டாள். வேலியை ஒட்டியே நடத்தி, முன்பு அவள் குழியில் உட்கார்ந்த அந்த வளைவில் கொண்டுபோய் நிறுத்துவாள். மாடு அசையாமல் நின்றால் உள்ளங்கையில் உப்பை வைத்து நக்கக் கொடுப்பாள். நக்கி முடித்ததும் ஒரு குடம் தண்ணீர். அந்தக் குடத்தை ஓடையில் அரைப்பொழுது மொண்டு சுமந்து வருபவள் நான்.

“எதுக்கு அத்தே இது?” என்று கேட்டேன்.

“நிக்கப் பழக்கறேன் கண்ணு. வேலியைக் கண்டா நிக்கோணும்.”

எனக்கு வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது. குழியில் உட்கார்ந்தவள் பேசுகிற பேச்சா இது? வேலியைக் கண்டால் நிற்க வேண்டுமாம். யார் வேலி அது? கொஞ்ச தூரத்தில் அப்பன், காவல்காரர், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையைத் திருப்பவே இல்லை. அப்பன் முதலிலேயே அடங்கிவிட்டார், இப்போது அத்தையும் அடங்கிவிட்டாள், மாட்டையும் அடக்குகிறார்கள் என்று நினைத்தேன். வீட்டில் அடங்காத ஆள் நான் ஒருத்திதான் மிச்சம்.

ஆகவே நான் எதிர்த்தேன். குடத்தை வழியில் போட்டுவிட்டுப் போய் மரத்தில் ஏறிக்கொண்டேன். அத்தை வந்து மரத்தடியில் நின்று பார்த்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“போறதுக்கு யாரும் பழக்க வேண்டாஞ் சாமி, அது தானா வரும். நிக்கறதுதான் கஷ்டம். இறங்கி வா, மாடு தாகத்துல நிக்குது” என்றாள்.

செவலை தாகத்தில் நின்றது நிஜம். இறங்கினேன். ஆனாலும் தண்ணீர் காட்டும்போதெல்லாம் அதன் காதில், உடைத்துக்கொண்டு போ, உடைத்துக்கொண்டு போ என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்து போயிருந்தது. களியும் கீரையும் சப்பென்றுதான் தின்றோம். மாட்டுக்கு உப்பு ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து வந்தது. தினம் காலையில் அத்தை என்னை அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாக அனுப்புவாள். கவுண்டர் பெண்டாட்டி வாழையிலைத் துண்டில் ஒரு பிடி உப்பை வைத்து மடித்து என் கையில் கொடுப்பாள்.

“எங்கூட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாங் கண்ணு. மடியில வெச்சுக்கிட்டுப் போ” என்பாள்.

உப்பை எண்ணுகிற மனுசனின் வீட்டிலிருந்தே உப்புக் கடத்துவது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அது. நடுவில் அவள், மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டாள். இனி உப்பு இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். எதற்கும் போய்ப் பார்த்து வா என்றாள். போனேன். கவுண்டர் மட்டும் கொல்லையில் உட்கார்ந்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், இருமினார், எழுந்து வீட்டுக்கு முன்பக்கம் போய்விட்டார். உரலின் மேல் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. அது அவர் கண்ணில் படாமல் தப்பித்த அதிர்ஷ்டத்தை நினைத்துக்கொண்டே எடுத்து ஓடினேன். புண்ணியவதி, ஊருக்குப் போகும்போதே எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் பொட்டலம் இருந்தது. மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

அமாவாசை கழிந்தது. தோட்டத்துக்காரர் நாற்றுக் கூடைகளோடு ஏறி வந்தார். முதல் நாள் உச்சிப்பொழுதில் செவலையைக் கவுண்டர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கட்டினார்கள். அன்று முழுக்க அது கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. அத்தை கையில் எடுத்த களியை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நானும் தின்னவில்லை.

மறுநாள் ஊரே எல்லைக் கல்லருகில் கூடி நின்றது. தோட்டத்துக்காரர் மட்டும் நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தார். கவுண்டர் கயிற்றை அவிழ்த்தார்.

செவலை நேராக ஓடைப் பக்கம் போனது. எல்லோருக்கும் முன்னால், தான் வழக்கமாகப் பிரிக்கும் மெலிந்த இடத்துக்கு. முகத்தை முள்ளில் வைத்து மோந்தது. தோட்டத்துக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அத்தையின் கை என் தோளைப் பற்றியது, நகம் இறங்கியது. ஊற்றுத் தண்ணீர் விழும் சத்தம் எனக்கே கேட்டது, மாட்டுக்குக் கேட்காதா? என் நெஞ்சுக்குள் இரண்டு ஆசை இருந்தது. உடைத்துக்கொண்டு போ என்று ஒன்று. போகாதே, போனால் உன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று மற்றொன்று.

செவலை முகத்தை எடுத்தது. வேலியை ஒட்டியே மேலே நடந்தது. யாரும் கூப்பிடவில்லை. வளைவுக்கு வந்ததும் நின்றது. முளையில் தாடையை வைத்து அழுத்தி, வாய் ஒழுக, அம்மா என்று கத்தியது. அங்கே முள் மெல்லியதாகத்தான் அடைத்திருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். தள்ளவில்லை. கத்திவிட்டுக் காத்திருந்தது, மறுபடியும் கத்தியது.

“வழியைத் திறக்கச் சொல்லுதுங்க” என்றார் கவுண்டர்.

தோட்டத்துக்காரருக்கு அப்போதுதான் முகம் மாறியது. நாற்காலியை விட்டு எழுந்து வேலிப் பக்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் என்மேல் விழுந்தது. குனிந்து, ரொம்ப அன்பாகக் கேட்டார்.

“நீதான மேய்க்கிற பாப்பா? இந்த மாடு ஏன் இங்க வந்து நிக்குது?”

இத்தனை நாளில் என்னை ஒருவர் ஒரு கேள்வி கேட்டார் என்றால் அவர்தான். எனக்கு உள்ளுக்குள் பொங்கியது. செவலை வேலியை உடைக்காமல் நின்றுவிட்டது. அப்படியானால் அது நல்ல மாடு, பழக்கினால் பழகுகிற மாடு. எப்படிப் பழக்கினோம், எவ்வளவு தண்ணீர் சுமந்தேன் என்று சொன்னால் அவர் இதைப் பவுண்டுக்கு அனுப்பவே மாட்டார். எங்கள் மாட்டைக் காப்பாற்றப்போகிறவள் நான்தான்.

“நானுந்தானுங்க தெனமும்...” என்று ஆரம்பித்தேன்.

கவுண்டரின் தடி தரையில் டக்கென்று இறங்கியது.

“ஏனுங்க, மாட்டைக் கேட்டதுக்கப்புறம் மனுசரைக் கேக்கற வழக்கம் இல்லீங்க. கேட்டீங்கன்னா மாட்டைப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்க. எங்க சனம் பொறுக்காதுங்க.”

அதே நேரம் அத்தையின் உள்ளங்கை என் வாயை மூடியது. அந்தக் கை உப்புக் கரித்தது. எங்களைச் சுற்றி நின்ற வட்டம் கொஞ்சம் நெருங்கினதை நான் பார்த்தேன். தோட்டத்துக்காரரும் பார்த்தார். நாற்றுக் கூடைகளைப் பார்த்தார். நாற்றை நட அவருக்கு நாங்கள்தான் வேண்டும்.

“மாட்டு வழிதானே, வெச்சுக்கங்க” என்றார்.

அன்று சாயங்காலமே அப்பன் அந்த இடத்தில் முள்ளைப் பிடுங்கி, துளை போட்ட இரண்டு மரங்களை நட்டு மூங்கிலைச் செருகினார். துளை போட்ட மரங்கள் எப்படி அதற்குள் தயாராக இருந்தன என்று நான் கேட்கவில்லை. மூங்கிலை முதலில் உருவியவள் அத்தை. செவலை அவள் கையை மோந்துவிட்டு, ஊற்றுக்கு ஓடியது. அன்று எல்லா வீட்டு மாடுகளும் அதன் பின்னால் ஏறின. பிறகு அந்தச் சரிவில் காப்பி வந்தது, தோட்டம் கைமாறியது, வேலி கம்பிவேலி ஆனது. கடவை மட்டும் ஒருவராலும் அடைக்க முடியவில்லை.

இதைப் பொய்ச்சாட்சி என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும். பழைய வழி அந்த வளைவில்தான் இருந்ததா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. வேலி வருவதற்கு முன்னால் செவலை சரிவு முழுவதும் இஷ்டப்பட்ட பக்கம் ஏறும், எல்லாமே வழிதான். பட்டா எழுதியவர் மலை ஏறி வந்து எந்த மாட்டைக் கேட்டு எழுதினார்? நாங்கள் மாட்டையாவது கேட்டோம்.

ஆனால் அன்று நான் இப்படியெல்லாம் நினைக்கவில்லை. மாடு பிழைத்துவிட்டது, அது போதும். அத்தையை மன்னித்துவிட்டேன். கவுண்டரை மட்டும் மன்னிக்கவில்லை. என்னைப் பேசவிடாமல் பண்ணியவர் அவர். அவர்மேல் எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டு உப்பைத் தின்றுதான் எங்கள் மாடு ஜெயித்தது என்பது. அவரை எதிரில் பார்க்கும்போதெல்லாம் அதை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அவர் இருமிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். பாவம், உப்புப் போனதே தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொள்வேன்.

வைகாசியில் அவர் பெண்டாட்டி பேரனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள். அவள் இல்லாத அத்தனை காலையிலும் அந்த வீட்டில் கவுண்டர் ஒருவர்தான் இருந்தார், அத்தனை காலையிலும் உரலின் மேல் பொட்டலம் இருந்தது. இலை ஒரு நாளும் வாடியிருந்ததில்லை. அன்றன்று அறுத்த பச்சை இலை.